பாட்டுக்கு ஒரு பத்தாயம்

முத்துப்பேட்டைக் காற்று மனிதனுக்கு நல்லது, ஒலிநாடாவுக்கு எமன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறுகள் வந்து விழும் காயல், நடுவே அலையாத்திக் காடு. இந்த உப்பு ஈரத்தில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது என்றால், நாடாவின் கதியைச் சொல்ல வேண்டுமா? பரணிலிருந்து இறக்கிய காஸெட்டைப் பிரித்துப் பார்த்தால், சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைக் காளான் பூத்திருக்கிறது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பிய சபராளிகள், ‘டூ இன் ஒன்’ பெட்டி இல்லாமல் வீட்டு வாசற்படி ஏறுவது அபூர்வம். அந்தப் பெட்டிகளில் சுழன்ற நாடாக்கள் இன்னும் வீடு வீடாகக் கிடக்கின்றன. நாகூர் இ. எம். ஹனிபாவின் (1925–2015) பாட்டுக்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அவை கடையில் விற்றவை. உங்கள் வீட்டில் கெட்டாலும் அடுத்த வீட்டில் இருக்கும். கவலையெல்லாம் மற்றவற்றைப் பற்றித்தான். அக்கரையிலிருந்து பேசி அனுப்பிய கடிதக் காஸெட், கல்யாண வீட்டில் பிடித்த நாகஸ்வரம், பாட்டியம்மாளின் தாலாட்டு — இவற்றுக்கு உலகத்திலேயே ஒரு பிரதிதான் உண்டு!

“எங்க அத்தா குரல் இதுல மட்டுந்தான் தம்பி இருக்கு. பேரன் போன்ல ஏத்தித் தர்றேங்கிறான். ஏத்தினா அதே குரல்தான் வருமா?” என்று கேட்டார் ஒரு பெரியவர்.

நியாயமான கேள்வி. பேரன் எந்த ரூபத்தில் ஏற்றுகிறான் என்பதைப் பொறுத்தது பதில்.

கணினி ஒலியை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. சி.டி. கணக்கு வினாடிக்கு 44,100 தடவை; ஒவ்வோர் அளவும் 16 பிட். இரண்டு தடத்துக்குமாகச் சேர்த்து ஒரு மணி நேரக் காஸெட் சுமார் 635 மெகாபைட் இடத்தை அடைக்கும். அளந்ததை அளந்தபடியே கொட்டி வைப்பது ‘வேவ்’ என்னும் ரூபம், 1991-ல் ஐ.பி.எம்.மும் மைக்ரோஸாப்டும் வகுத்தது. பேரப் பிள்ளைகளுக்குப் பிரியமான எம்.பி.3 அப்படியல்ல. காதுக்கு எட்டாது என்று தான் கருதுகிறதை எல்லாம் கழித்துவிட்டு, அதே ஒரு மணி நேரத்தை 60 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும்.

காவேரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வேவ் என்பது நெல். எம்.பி.3 தீட்டிய அரிசி. அரிசி சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் விதைக்க முடியுமா? ஒரு தடவை எம்.பி.3 ஆக்கிய பாட்டை மறுபடி வேவ் ஆக்கினால், சாக்கு பெரிதாகுமே தவிர அரிசி நெல்லாகாது. இந்த ஏமாற்று வேலை தாராளமாக நடக்கிறது, ஜாக்கிரதை!

நெல்லையே இழக்காமல் சாக்கை மட்டும் சிறிதாக்க வழியில்லையா? உண்டு. அதற்குப் பெயர் ‘ஃப்ளாக்’. ஜோஷ் கோல்ஸன் என்பவர் உருவாக்கி, 2001-ல் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. வித்தை மிகவும் எளியது. முன்னால் வந்த எண்களைக் கொண்டு அடுத்த எண்ணை ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. வித்தியாசம் சிறிய எண். சிறிய எண்ணுக்குச் சிறிய இடம் போதும். திறக்கும்போது ஊகத்தோடு வித்தியாசத்தைக் கூட்டினால் அசல் எண் இம்மியும் பிசகாமல் வந்துவிடும். பெரும்பாலும் பாதிக்கு மேல் முக்காலுக்குள் சுருங்கும். ‘உஸ்’ஸென்று இரையும் பழைய நாடா அவ்வளவு சுருங்காது, இரைச்சலை யாரால் ஊகிக்க முடியும்?

ஆப்பிள் கம்பெனி 2004-ல் ‘அலாக்’ என்று தனக்கென்று ஒன்று செய்துகொண்டது. 2011-ல் அதையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதிலும் நஷ்டம் கிடையாது. வீட்டில் எல்லாமே ஆப்பிள் சாதனம் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். பெரிய காப்பகங்கள் வேவையே விரும்புகின்றன. ஆனால் நம் குடும்பங்களுக்கு ஃப்ளாக்தான் ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். காரணம் இடம் மட்டுமல்ல. அசல் ஒலியின் முத்திரை எண் ஒன்று அதற்குள்ளேயே பதிந்திருக்கிறது. பத்து வருஷம் கழித்து ஒரு துளி கெட்டிருந்தாலும் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம். பாடியவர் பெயர், ராகம், வருஷம் எல்லாவற்றையும் தமிழிலேயே உள்ளே எழுதலாம். 2024 டிசம்பரில் அதன் இலக்கணத்தை இணைய நியமக் குழுவே வெளியிட்டுவிட்டது. கம்பெனி மூடினாலும் சாவி தொலையாது.

ரூபம் சரி, பிடிப்பதிலும் கவனம் வேண்டும். பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால், நோய் பெட்டிக்கும் தொற்றி அடுத்த நாடாவுக்கும் பரவும். சிலர் வீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி, 78 சுழற்சித் தட்டில் இருக்கக்கூடும். அந்தத் தட்டு அரக்கினால் ஆனது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் தோடி கரைந்து துணியோடு போய்விடும்! எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியும் அதற்கு ஆகாது. அகலமான ஊசி வேண்டும். உலக ஒலிக்காப்பகச் சங்கம் வினாடிக்கு 48,000 அளவு, 24 பிட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று அசலில் கை வைக்காதீர்கள். நீக்கிய பிரதி தனியாக இருக்கட்டும். அசலில் அத்தாவின் இருமலும் இருக்கட்டும்.

போனில் கேட்க எம்.பி.3 தாராளமாகச் செய்துகொள்ளலாம். பத்தாயத்தில் நெல் இருக்கும்போது எத்தனை படி குத்தினால்தான் என்ன?

பத்தாயம் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது, தென்னையோடு கூரையும் போயிற்று. கூரையோடு பரணும் போயிற்று. ஒரு பிரதி முத்துப்பேட்டையில் என்றால், இன்னொன்று திருச்சியிலிருக்கும் மகள் வீட்டில், மூன்றாவது துபாயிலிருக்கும் மகனிடம். வருஷத்துக்கு ஒரு தடவை, பெருநாளுக்கோ பொங்கலுக்கோ கூடும்போது, மூன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிரியாணியில் உட்காரலாம்.