தலைக்கவசம் இருந்தது, தலையில் இல்லை

அன்று காலை 8.15 மணிக்கு, என் கையிலிருந்த பட்டியலில் அந்த அண்ணாவின் பெயருக்கு நேராக ‘தலைக்கவசம்’ என்ற கட்டத்தில் டிக் செய்தேன். பிற்பகல் மூன்று மணியளவில் அவர் பின்மண்டையில் ரத்தம் வழியத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மஞ்சள் தலைக்கவசம் நாலைந்து அடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

கட்டுமானப் பொறியியலில் முதலாண்டை முடித்த கையோடு, பத்து வார வேலையிடப் பயிற்சிக்காக ஒரு கட்டுமானத் தளத்தில் சேர்ந்திருந்தேன். பாதுகாப்பு அதிகாரிக்கு உதவுவது என் வேலை. தினமும் காலையில் ஒவ்வொரு குழுவிடமும் சென்று, பாதுகாப்புக் காலணி, ஒளிரும் மேலங்கி, தலைக்கவசம் எல்லாம் அணிந்திருக்கிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் ஒரு குழுவைப் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. நான்காம் வாரத்தில் ஐந்து நிமிடமே போதுமானதாக இருந்தது. வேலையை வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த அண்ணா புதுக்கோட்டைக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். அன்று ஒரு மீட்டர் உயர வேலை மேடையில் நின்று, தலைக்கு மேலே மின்கம்பிக் குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தபோது கால் நழுவியது. மல்லாந்து விழுந்தார். விழும்போதே தலைக்கவசம் கழன்றுவிட்டது. கான்கிரீட் தரையில் மோதியது வெறும் தலை.

ஆறு தையல்கள், ஒரு ஸ்கேன், இரண்டு வார மருத்துவ விடுப்பு. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும் எல்லாரும் “நல்லவேளை” என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். ஆனால், அன்று மாலை கோப்பில் வைப்பதற்காக அந்தப் பட்டியலை எடுத்தபோது கை நின்றுவிட்டது. தலைக்கவசத்துக்கு அதில் ஒரே ஒரு கட்டம்தான். தாடைப்பட்டை மாட்டியிருக்கிறதா என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மேலிருந்து விழும் பொருளுக்காக

அதன் பிறகுதான் தினமும் நானே அணிந்திருந்த அந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் உலகப் போரில் பங்கேற்ற எட்வர்ட் புல்லார்ட் என்ற அமெரிக்கர், போர்வீரர்களின் எஃகுத் தலைக்கவசத்தைப் பார்த்து, சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். நீராவியில் பதப்படுத்திய கேன்வாஸ் துணியையும் பசையையும் கொண்டு 1919ல் ஒரு தலைக்கவசத்தை அவர் உருவாக்கினார். பின்னர் உலோகம், கண்ணாடி இழை, பிளாஸ்டிக் என்று பொருள்கள் மாறின. நோக்கம் மட்டும் மாறவில்லை: மேலிருந்து விழும் பொருளிடமிருந்து உச்சந்தலையைக் காப்பது.

தலைக்கவசத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளி ஓட்டுக்கும் தலைக்கும் இடையில் ஒரு வலைப்பின்னல் தொட்டில்போல் தொங்கும். பொருள் விழும்போது ஓடு சற்று வளையும், பட்டைகள் இழுபடும். இரண்டும் சேர்ந்து அடியின் வேகத்தை உறிஞ்சி, மீதி விசையைத் தலை முழுவதும் பரப்பிவிடும். ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நம்மைக் காக்கிறது. கைக்குட்டை, சிகரெட் பெட்டி, தொப்பி என்று எதையாவது அதற்குள் திணித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஐரோப்பாவின் இஎன் 397 தரநிலைச் சோதனையில், 5 கிலோ எடை ஒன்றை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தலைக்கவசத்தின் உச்சியில் விழவைக்கிறார்கள். அப்போது தலைக்குச் செல்லும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. இந்த மோதலின் ஆற்றல் ஏறக்குறைய 49 ஜூல். உயர்நிலைப்பள்ளி இயற்பியலில் படித்த நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினாலே போதும். 200 கிராம் எடையுள்ள ஒரு திருகாணி 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ ஒன்பது மாடி உயரத்திலிருந்து, விழுந்தாலும் அதே 49 ஜூல்தான் வரும்.

விழுவது மனிதன் என்றால்?

இப்போது அந்த அண்ணாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மனிதத் தலையின் எடையும் ஏறக்குறைய 5 கிலோதான். ஒரு மீட்டர் மேடையில் நின்ற அவரது தலை தரையிலிருந்து சுமார் 2.6 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கும். அங்கிருந்து தடையின்றி விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டும். ஆற்றல் ஏறத்தாழ 127 ஜூல், சோதனைக்கூடத்தில் தருவதைப்போல் இரண்டரை மடங்கு. உண்மையில் உடல் மடங்கி, கை ஊன்றி விழுவதால் இது குறையலாம். ஆனாலும், “ஒரு மீட்டர்தானே” என்று அன்று நாங்கள் அலட்சியமாக நினைத்த உயரம் எவ்வளவு ஆபத்தானது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மல்லாந்து விழுபவரின் உச்சந்தலை தரையில் படுவதில்லை, பின்மண்டை அல்லது பக்கவாட்டுதான் படும். தாடைப்பட்டை இல்லாவிட்டால், அந்த நேரத்தில் தலைக்கவசம் தலையிலேயே இருக்காது. பொருள் விழுவதை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட கவசம், ஆள் விழும்போது கைவிட்டுவிடுகிறது.

மனிதவள அமைச்சின் கணக்குப்படி, 2024ல் சிங்கப்பூரில் வேலையிட விபத்துகளில் 43 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 20 பேர் கட்டுமானத் துறையைச் சேர்ந்தவர்கள். உயரத்திலிருந்து விழுவது முக்கியக் காரணங்களில் ஒன்று.

தாடைப்பட்டை எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதிலும் இரண்டு விதமான அச்சங்கள் உள்ளன. இஎன் 397 தரநிலையில், 150 முதல் 250 நியூட்டன் இழுவிசையில் பட்டை விடுபட்டுவிட வேண்டும். தலைக்கவசம் எங்காவது சிக்கிக்கொண்டால் பட்டை கழுத்தை நெரித்துவிடக் கூடாது என்பது அதன் அச்சம். மலையேறுபவர்களுக்கான இஎன் 12492 தரநிலையோ, குறைந்தது 500 நியூட்டன் வரை பட்டை தாங்க வேண்டும் என்கிறது. விழும்போது கவசம் கழன்றுவிடக் கூடாது என்பது அதன் அச்சம். அந்தத் தரநிலை முன்புறம், பின்புறம், பக்கவாட்டு மோதல்களையும் சோதிக்கிறது. உயரத்தில் வேலை செய்பவருக்கு எது பொருந்தும் என்பதை வேலையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

உலகம் மெல்ல மாறி வருகிறது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ‘ஓஷா’, தன் ஆய்வாளர்கள் பழைய வகைத் தொப்பியை விட்டுத் தாடைப்பட்டையுடன் கூடிய புதிய வகைத் தலைக்கவசத்துக்கு மாறுவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. புதிய வகைகள் பலவற்றில், சைக்கிள் தலைக்கவசத்தில் இருப்பதுபோல உள்ளே நுரை அடுக்கும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட்டும் பொறியியலாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கிய ‘மிப்ஸ்’ என்ற உள் அடுக்கு, சாய்வாக அடிபடும்போது தலை திடீரெனச் சுழல்வதைக் குறைக்க முயல்கிறது. முதலில் விளையாட்டுத் தலைக்கவசங்களில் வந்த அது, இப்போது கட்டுமானத் தலைக்கவசங்களிலும் இடம்பெறுகிறது.

“அண்ணா, ஏன் மாட்டல?”

இவ்வளவையும் படித்துவிட்டு, தீர்வு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். நல்ல தலைக்கவசம் வாங்கிக் கொடுத்து, பட்டையை மாட்டச் சொன்னால் முடிந்தது. விடுப்பு முடிந்து அந்த அண்ணா வேலைக்குத் திரும்பிய அன்று, மதிய உணவு வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்: “அண்ணா, அன்னைக்கு ஏன் ஸ்ட்ராப்ப மாட்டல?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “மேடம், எழுதிக்க மாட்டீங்களே?” என்று கேட்டார். என் கையில் பட்டியல் இல்லை என்று காட்டியபின் பேசினார்.

“மேல பாத்தே வேலை செய்யறோம். பட்டையை மாட்டுனா தொண்டையை இறுக்குது. வேர்வை அங்கேயே நின்னு அரிச்சுப் புண்ணாயிடுது. சூப்பர்வைசர் வந்தா மாட்டுவோம், போனா கழட்டிடுவோம். எல்லாரும் அப்படித்தாம்மா.”

தலைக்கவசத்தைக் கழற்றி உள்ளே காட்டினார். பின்புறம் இறுக்கும் திருகு தேய்ந்துபோயிருந்தது. எவ்வளவு திருகினாலும் பிடிக்கவில்லை. “வேற கேட்டிருக்கலாமே அண்ணா?” என்றேன். “கேட்டா சம்பளத்துல புடிச்சிடுவாங்களோன்னு...” என்று இழுத்தார். வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் கோரும் சாதனத்துக்காக ஊழியரின் சம்பளத்தில் முதலாளி பணம் பிடிக்கக்கூடாது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

நான்கு வாரங்கள் தினமும் காலையில் அவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் தாய்மொழி ஒன்றுதான். இருந்தும் “வணக்கம் அண்ணா” என்பதைத் தாண்டி நான் எதுவும் கேட்டதில்லை. பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது, நானும் ஆங்கிலத்திலேயே டிக் செய்துவிட்டுப் போயிருக்கிறேன்.

மூன்று கட்டங்கள்

பாதுகாப்பு அதிகாரியிடம் இதையெல்லாம் சொன்னேன், யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, “என்ன செய்யலாம், சொல்” என்றார்.

பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பட்டியலில் இருந்த ஒரு கட்டத்தை மூன்றாக்கினோம். ஓட்டில் விரிசலோ வெளுப்போ இருக்கிறதா? உள்பட்டையும் திருகும் சரியாகப் பிடிக்கின்றனவா? தாடைப்பட்டை மாட்டியிருக்கிறதா? ஓட்டின் உள்ளே கடிகார முகம்போல ஒரு சின்ன வட்டம் அச்சிடப்பட்டிருக்கும். அது தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் காட்டும். வெயிலில் பிளாஸ்டிக் நாளடைவில் உடையும் தன்மை பெற்றுவிடுகிறது. அதனால் ஓட்டை ஐந்து ஆண்டுகளுக்குள்ளும், உள்பட்டைகளை ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள். பட்டியலுடன் பார்த்தபோது, உடனே மாற்ற வேண்டியவை எங்கள் தளத்திலேயே பல இருந்தன.

அடுத்து, வியர்வை உறிஞ்சும் நெற்றிப்பட்டைகளும் மாற்று உள்பட்டைகளும் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டன. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கூரை வேலை செய்யும் குழுவுக்கு, காதின் இருபுறமும் பிரிந்து வந்து தாடையின் கீழ் சேரும் நான்கு முனைப் பட்டையைச் சோதனையாகக் கொடுத்தார்கள். மேலே பார்க்கும்போது தலைக்கவசம் பின்னால் சரிவது குறைந்தது.

காலை ‘டூல்பாக்ஸ்’ கூட்டத்தில் தமிழில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. கணக்குகளைச் சொல்லவில்லை. எல்லாரையும் பட்டையைக் கழற்றிவிட்டுக் குனியச் சொன்னேன். தலைக்கவசங்கள் கடகடவென்று கீழே விழுந்தன, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிறகு பட்டையை மாட்டிக்கொண்டு குனியச் சொன்னேன். சிலருடையவை அப்போதும் விழுந்தன. திருகு கெட்டுப்போனவை எவை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெயில் ஏறினால் பட்டைகள் கழன்றன. அதற்குத் தலைக்கவசத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ஓய்வு வேண்டும். 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வெப்பத் தணிப்பு நடவடிக்கைகளின்படி, காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்பநிலை 32 டிகிரி செல்சியசை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரவேண்டும். 33 டிகிரியை எட்டினால் 15 நிமிடம். தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொள்ள அந்த நேரம் உண்மையிலேயே கிடைக்கும் குழுக்களில், மற்ற நேரத்தில் பட்டைகள் மாட்டியே இருந்ததை நான் பார்த்தேன்.

கடைசி அரண்

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தலைக்கவசம் கடைசி அரண். அந்த வேலை மேடைக்கு ஓரத் தடுப்பு இருந்திருந்தால் அண்ணா விழுந்தே இருக்க மாட்டார். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை 1930களில் கட்டியபோது, தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் தொழிலாளர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். அதோடு பாலத்துக்கு அடியில் பாதுகாப்பு வலையும் கட்டினார். தவறி விழுந்த 19 பேரின் உயிரைக் காத்தது அந்த வலைதான். விழாமல் தடுப்பது முதலில், விழுந்தால் தாங்குவது அடுத்து, தலையைக் காப்பது அதற்கும் பிறகு.

பொறியியல், வடிவமைப்பு, தாதிமை என்று எதைப் படிக்கும் இளையராக இருந்தாலும், உங்களுக்கு இதில் செய்ய வேலை இருக்கிறது. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்ற பட்டைத் துணி எது? மேலே பார்த்து வேலை செய்பவரின் கழுத்தை உறுத்தாத கொக்கி எப்படி இருக்க வேண்டும்? பள்ளித் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், வரையத் தொடங்குமுன், அதை அணியப்போகிறவரிடம் அவர் மொழியில் பேசுங்கள். தமிழ் தெரிந்த நமக்கு அது எளிது.

பயிற்சியின் கடைசி நாளில் அந்த அண்ணாவிடம் விடைபெறப் போனேன். மேடையில் நின்று மேலே பார்த்து வேலை செய்துகொண்டிருந்தார். மேடைக்கு இப்போது ஓரத் தடுப்பு இருந்தது. என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்து, தாடையடியில் விரலை விட்டுப் பட்டையை இழுத்துக் காட்டினார்.

“இன்னும் அரிக்குதும்மா. ஆனா கழட்டல.”

அரிப்பு இன்னும் இருக்கிறது என்று பட்டியலின் கீழே எழுதி, பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.