சாளக்கிராமமும் ஊட்டத்தூர்க் கல்லும்

ஸ்ரீரங்கத்து வைஷ்ணவ இல்லங்கள் பலவற்றில் சாளக்கிராமம் நித்திய திருவாராதனம் பெற்று வருகிறது. நேபாள தேசத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் கரிய கல் அது. அதனுள்ளே காணப்படும் சக்கரம் எவ்வாறு உண்டாயிற்று? முன்னொரு காலத்தில் சமுத்திரத்தில் ஜீவித்த அம்மோனைட் என்னும் பிராணியின் ஓடே அங்ஙனம் கல்லில் பதிந்திருக்கிறது என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் முடிவு. இதனால் பக்திக்கு யாதொரு பங்கமுமில்லை. ஆனால் அதே இனத்து ஓடுகள் கொள்ளிடத்துக்கு வடக்கே, லால்குடி தாலுகா ஊட்டத்தூர்ப் பக்கத்திலும், பெரம்பலூர் ஜில்லாவைச் சேர்ந்த காரையிலும், மழை அரித்த ஓடைகளில் கேட்பாரற்றுக் கிடப்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அவ்விடமெல்லாம் கடல்.

அப்பிராணியின் சரீர அமைப்பு விந்தையானது. சுருண்ட ஓடு பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். வளர வளரப் பழைய அறையை அடைத்துவிட்டுக் கடைசி அறையிலே அது வாசம் செய்யும். அறைகளினூடே செல்லும் ஒரு குழாயின் வழியாக நீர் வெளியேறி, வாயு நிரம்பும். ஆகவே கனத்த ஓட்டைச் சுமந்தும் அது அமிழ்ந்துவிடவில்லை. நம் மீனவர் வலையில் அகப்படும் கணவாய் இதற்குத் தாயாதி முறை. கணவாயோ ஓட்டை உடலுக்குள் ஒடுக்கிக்கொண்டுவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, அந்த ஓடுதான்! அதை முறித்துப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காய்ச் சிற்றறைகள் தெரியும்.

கூடவே புதைந்துள்ள கடல் முள்ளெலிக்குத் தலை என்பதே இல்லை. உடல் ஐந்து கூறாய் அமைந்தது. மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குச் சென்றால், எலும்பே இல்லாமல் மேற்கூட்டையே கவசமாகத் தரித்த ஆறுகால் பிராணியைக் காணலாம். முதுகெலும்பு படைத்த நாம் இவ்வமைப்புகளில் ஒன்றேயன்றி வேறல்ல.

இக்கற்களின் சரித்திரம் நமக்கு வெட்கம் தருவது. கேயி, கன்லிப் என்ற இரு ஆங்கிலேயர் சேகரித்தவற்றை 1846-இல் லண்டனில் பார்ப்ஸ் என்பவர் வர்ணித்தார். பின்னர் ஸ்டோலிஸ்கா என்னும் மொராவிய தேசத்து விஞ்ஞானி, கல்கத்தாவிலிருந்து இவற்றை ஆராய்ந்து, 1873-க்குள் பெரும் நூற்றொகுதி வெளியிட்டார். மறு வருஷமே லடாக் மலையில் 36-ஆம் வயதில் மாண்டார். அன்னியராயினும் அவர் உழைப்பைப் போற்றாதிருக்க முடியாது. அந்தப் படிவங்களோ கல்கத்தாவில்! கருடமங்கலத்துச் சங்குக் கல்லைத் 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என்று மெருகிட்டு அலங்காரச் சாமான்களாக்கினார்கள். இன்று சுண்ணாம்புப் பாறை சிமெண்டு ஆலைக்குப் போகிறது. எஞ்சியதை வேடிக்கை பார்க்க வருவோர் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் சர்க்கார் காட்சிசாலை ஒன்று அமைத்திருப்பது நல்ல காரியமே. ஆயினும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததற்கு மட்டும் காவல் போதாது. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை காரையில் புதிய ஓடுகளைக் கழுவி வெளிப்படுத்துகிறது. மழை விட்டதும் பை கொண்டு வருகிறவர்களுக்கு முன்னதாகச் சர்க்கார் காவலாளியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரும் அங்கே போய்ச் சேரவேண்டும்.