நெகேமியாவின் மதிலும் நமது சபைத் தொண்டரும்

ஓய்வுநாள் பாடசாலைக்கு ஆசிரியர் தேவை என்று ஆராதனை முடிவில் அறிவிக்கிறோம். எவரும் முன்வருவதில்லை. மறுவாரமும் அறிவிக்கிறோம், மூன்றாம் வாரம் குரலில் சற்றுக் கடுமையும் கலந்துவிடுகிறது. பின்னர் குருமார் கூடுமிடங்களில், இக்காலச் சபையாருக்கு ஊழிய வாஞ்சை இல்லை என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோம். குறை அவர்களுடைய வாஞ்சையில்தானா, அன்றி நாம் அவர்களை அழைத்து நடத்தும் முறையிலா என்பதை இங்கே ஆராய முற்படுகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு நெகேமியா 3ஆம் அதிகாரம் நல்ல துணையாகும். வெறும் பெயர்ப்பட்டியல் என்றெண்ணி நாம் வாசியாது கடந்துவிடும் பகுதி அது. ஆயினும், கி.மு. 445ஆம் ஆண்டில் எருசலேமின் இடிந்த மதில் 52 நாட்களில் எழுந்த விதத்தை விளக்கும் பணிக்குறிப்பு அதுவே. அங்கே உழைத்தோரெனக் குறிக்கப்படுவோர் ஆசாரியர், தட்டார், தைலக்காரர், வணிகர் முதலியோர். சல்லூம் என்னும் தலைவனோடு அவன் குமாரத்திகளும் உழைத்தனர். எவருக்கேனும் கூலி கொடுக்கப்பட்டதாக அவ்வதிகாரத்தில் குறிப்பில்லை.

முதலாவது, வேலை பகுக்கப்பட்டிருந்தது. ‘மதிலைக் கட்ட வாருங்கள்’ என்னும் பொது அழைப்போடு நெகேமியா நின்றுவிடவில்லை. இந்த வாசல் முதல் அந்தக் கொத்தளம் வரை என ஏறத்தாழ 40 பகுதிகளாகப் பணி பிரிக்கப்பட்டது. எபிரேய மூலத்தில் ‘அவன் கையருகே’ என்று பொருள்படும் சொற்றொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. தன் பங்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, பக்கத்தில் நிற்பவன் யார் என்பதை ஒவ்வொருவனும் அறிந்திருந்தான். நமது பெண்கள் அடுப்பேற்றும் வேளைதோறும் எடுத்துவைக்கும் பிடியரிசியும் இத்தகையதே. அளவு சிறிது, செய்யவேண்டியது தெளிவு, ஆகவே ஏழைக் குடும்பமும் அதில் பங்குகொள்கிறது. ‘வாலிபருக்காக ஏதாவது செய்யுங்கள்’ என்று நாம் கேட்பதோ அளவற்ற சுமை. அளவு தெரியாத சுமைக்கு அறிவுள்ளவன் தோள் கொடுக்கத் தயங்குவான்.

இரண்டாவது, பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டினர். தன் பிள்ளைகள் உறங்கும் வீட்டின் காவலுக்கான மதிலை எவன் அரைகுறையாகக் கட்டுவான்? ஒருவருடைய இருதயம் ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று அறிந்து அங்கே பணி கொடுப்பதே மேய்ப்பனின் விவேகம். அதை அறியப் பீடத்து அறிவிப்புப் போதாது. வீடு சந்தித்தல் வேண்டும்.

மூன்றாவது, தலைவர்கள் தாமே வேலையில் இறங்கினர். பட்டியலின் முதற்பெயர் பிரதான ஆசாரியனாகிய எலியாசிபினுடையது. ஒரு மாகாணத்தின் பிரபுவாகிய மல்கியாவோ குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தான். அசனப் பந்தி முடிந்தபின் இலை எடுக்கும் குருவானவரைக் கண்ட சபையில் இலை எடுக்க ஆள் தேடவேண்டியதில்லை.

நான்காவது, தெக்கோவாவின் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. நெகேமியா அதை ஒரே வரியில் குறித்துவிட்டு மேலே செல்கிறான். வராதவரைக் கடிந்து பிரசங்கிப்பதால் அதனைக் கேட்பவர் வந்தவரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

எனினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. மதில் 52 நாட்களில் முடிந்தது. ஓய்வுநாள் பாடசாலை முடிவதேயில்லை. தெக்கோவா ஊரார் இரண்டாம் பங்கையும் ஏற்றனர் என்று வாசித்து மகிழ்கிறோம். அவர்கள் அதனை ஆண்டுக்கணக்கில் சுமக்கவில்லை. நமது சபைகளில் மனமுள்ள ஒருவர் மீதே பங்கின்மேல் பங்காக ஏற்றுகிறோம்.

ஆண்டுகள் பலவற்றுக்கு முன்னர் நாம் பணியாற்றிய சேகரமொன்றில் ஒரு சகோதரி 18 ஆண்டுகள் சிறுவருக்குப் போதித்துவந்தார். ஒருநாள் அவர் வருவது நின்றது. வேறொரு காரியமாக அவ்வீட்டுக்குச் சென்றபோதுதான் செய்தியை அறிந்து, காரணம் வினவினோம். “நான் நின்று மூன்று மாதமாயிற்று, ஐயா. நீங்கள் இன்றுதானே கேட்கிறீர்கள்?” என்றார். அவர் குரலில் கோபமில்லை. நாம் மறுமொழியின்றித் திரும்பினோம். அவர் வாஞ்சையற்றவர் என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. நெகேமியா தன் கட்டுநரைப் பெயர் பெயராக எழுதிவைத்தது ஏன் என்பது அன்றுதான் நமக்கு விளங்கியது.

ஆகவே, நமது சபைகளில் செய்யத்தக்கவை சில. பணியை ஒப்புவிக்கும்போதே அதன் எல்லையையும் காலத்தையும் சொல்லவேண்டும். ஓராண்டோ ஈராண்டோ முடிந்தபின், குற்றவுணர்வின்றி விலகவும் விரும்பினால் தொடரவும் வழியிருத்தல் நன்று. புதியவரைப் பழகியவரின் கையருகே நிறுத்துக. சபை முன்னிலையில் ஜெபித்து அனுப்புவதுபோலவே, பணி முடிந்து விலகுவோருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறி ஜெபிப்போமாக.

ஊதியம் பெறாதவரைத் திருத்தலாமா என்று மாணவர் வினவுவதுண்டு. திருத்தத்தான் வேண்டும், தனிமையிலும் அன்போடும் அதைச் செய்யவேண்டும். காணிக்கையை எண்ணுவோர் இருவராயினும் இருக்கட்டும். சிறுவரிடையே பணியாற்ற முன்வருவோரை நன்கு விசாரித்தறியாது நியமித்தலாகாது. மனமுவந்து செய்யப்படும் பணி என்பதனால் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. ஒருவரைத் திருத்தாது விட்டுவிடுவது, அவர் பணியை நாம் பொருட்படுத்தவில்லை என்று அவருக்கு அறிவிப்பதாகும்.

எபேசியர் 4ஆம் அதிகாரத்தின்படி, மேய்ப்பரும் போதகரும் அளிக்கப்பட்டது பரிசுத்தவான்களை ஊழியத்திற்கு ஆயத்தப்படுத்தவே. அங்ஙனமாயின் தொண்டர் நமது வேலையில் நமக்கு உதவுவோர் அல்லர். அவர்கள் தங்கள் ஊழியத்தைச் செய்யும்படி உதவுவதே நமது வேலை. அடுத்த ஞாயிறு அறிவிப்பை வாசிக்குமுன், இப்போது பணியாற்றுவோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போமாக. எந்தப் பெயரின் அருகே, அவரைக் கடைசியாக எப்போது சந்தித்தோம் என்று எழுத இயலவில்லையோ, அந்த வீட்டுக்கே நாம் முதலில் செல்லவேண்டும்.