பார்த்தவர் வாய் – 8: கிள்ளானில் வணக்கம், சென்னையில் டைட்டில்

ஒரு தமிழ்ப் படம் தேறுமா தேறாதா என்ற முதல் தீர்ப்பு இப்போது பல சமயம் தமிழ்நாட்டுக்கு வெளியே சொல்லப்படுகிறது. இதற்குக் காரணம் கடிகாரம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. படம் இரண்டு நாட்டிலும் ஒரே தேதியில் வெளியாகும்போது, இங்குள்ள ரசிகர் பார்த்து முடித்து, கருத்தும் சொல்லி, சாப்பிடவும் உட்கார்ந்துவிடுகிறார்.

சென்ற வாரம் விகடன் மதிப்பெண்ணோடு நின்றது. 'பதினாறு வயதினிலே' 62.5 வாங்கிய கதையை மறுபடி சொல்வதற்கில்லை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் உள்ளூர்ப் படங்களுக்கு விழும் மதிப்பெண் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் இந்தக் கடிகாரக் கணக்கை முடித்தாக வேண்டும்.

கிள்ளான் ஸ்ரீ இந்தானிலோ, பிரிக்பீல்ட்ஸ் நியூ சென்ட்ரலிலோ காலை 9 மணிக்கு ஒரு காட்சி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சென்னையில் 6:30. படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடினால் இங்கே 11:45க்கு விளக்கு எரியும். இங்குள்ள அரங்குகளில் பெரும்பாலும் இடைவேளை விடுவதில்லை என்பதால் அந்தக் கால் மணி நேரமும் மிச்சம். அப்போது சென்னையில் மணி 9:15. தமிழ்நாட்டில் இப்போது முதல் காட்சிக்கு அனுமதிக்கப்படும் நேரம் 9 மணி. ஆக, கிள்ளானில் வணக்கம் போடும்போது சென்னையில் டைட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த 9 மணிக் கட்டுப்பாடும் பழையதன்று. 2023 ஜனவரி 11 அன்று 'துணிவு', 'வாரிசு' இரண்டும் நள்ளிரவுக்குப் பிந்தைய காட்சிகளோடு வெளியாயின. சென்னையில் ஒரு திரையரங்க வாசலில் கொண்டாட்டத்தின்போது லாரியிலிருந்து விழுந்த இளைஞர் இறந்தார். அதன்பின் அரசு பிடியை இறுக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று வந்த 'லியோ'வுக்குக் காலை 7 மணிக் காட்சி வேண்டுமென்று தயாரிப்புத் தரப்பு கேட்டும் கிடைக்கவில்லை. ஆனால் கேரளத்தில் அதே படம் விடியற்காலை 4 மணிக்கே ஓடியது. அப்படிப்பட்ட படங்களுக்குக் கிள்ளான் கணக்கு அப்படியே பொருந்தாது. பாலக்காட்டுக்குப் பேருந்து ஏறிய கோயம்புத்தூர்க்காரர் முந்திக்கொள்வார். இங்கும் பெரிய நடிகர் படம் என்றால் முந்தைய இரவே சிறப்புக் காட்சி வைப்பதுண்டு. போட்டி முடிந்தபாடில்லை.

இந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வாரம் மற்ற எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிட்ட சங்கதி. 1981 வரை இது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அப்போது கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது. சபாவும் சரவாக்கும் எட்டு மணி நேரம். ஒரே நாட்டுக்குள் அரை மணி வித்தியாசம். 1981 ஜூலையில் பிரதமரான மகாதீர் முகம்மது இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டுமென்று முடிவெடுத்தார். அந்த ஆண்டின் கடைசி இரவு, மணி 11:30 ஆனதும் கடிகாரங்கள் நேரே பன்னிரண்டுக்குத் தாவின. புத்தாண்டு அரை மணி முன்னதாகவே பிறந்துவிட்டது. சிங்கப்பூரும் வேறு வழியின்றிப் பின்னாலேயே வந்தது.

அதற்கு முந்தைய வரலாறு இன்னும் விசித்திரம். 1905இல் மலாயாவுக்கு ஏழு மணி நேரக் கணக்கு. 1933இல் அதோடு 20 நிமிடம் சேர்ந்தது. அரை மணியும் இல்லாமல் கால் மணியும் இல்லாமல் 20 நிமிடம்! 1941இல் அது 30 ஆனது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். மலாயா ஒரேயடியாக ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் பழைய ஏழரை. ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்கு நின்ற ஒருவர் தம் வாழ்நாளில் விடியலின் மணியை நான்கைந்து முறை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இவற்றில் எந்த முடிவும் சினிமாவை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டதல்ல. ஆனால் 1982இன் அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால், கிள்ளான் ரசிகர் வெளியே வரும்போது சென்னையில் மணி 9:45 ஆகியிருக்கும். கதாநாயகனின் அறிமுகப் பாட்டு முடிந்து, முதல் இருபது நிமிடத்தைப் பற்றிச் சென்னைக்காரர்கள் கைப்பேசியில் தட்டத் தொடங்கியிருப்பார்கள். இப்போதோ அவர்கள் டைட்டிலைப் படம் பிடிப்பதற்குள் முழுப் படத்துக்கும் தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

முன்பு எல்லாம் நேர்மாறு. பத்திரிகைகளும் படச்சுருள்களும் கப்பலில் வந்த காலத்தில், மலாயாவில் பெரும்பாலும் அபிப்பிராயம் முன்னால் வரும், படம் பின்னால் வரும். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா போன்ற கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு வரும். 1972க்குப் பிறகு அதே துறைமுகத்துக்குப் பெயர் போர்ட் கிள்ளான். விமர்சனம் படித்த வாசகர் அந்தப் படத்தைப் பார்க்கச் சில மாதம் காத்திருக்க நேரலாம். அதற்குள் படத்தின் கதி அவர் மனத்தில் முடிவாகியிருக்கும்.

அப்படி மனத்தை முன்கூட்டியே முடிவு செய்த விமர்சனங்களில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1935இல் வந்த 'நந்தனார்' படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அன்றைக்கு அது ஊரே வாய்பிளந்த தொகை. ஆனந்த விகடனில் படத்தைப் பிய்த்து உதறிய கல்கி, நடிப்புக்கான பாராட்டை மனிதர் யாருக்கும் தராமல் மரத்துக்கும் எருமைக்கும் கொடுத்தார். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் கலை விமர்சனம் எழுதிய காலம் அது. எண் எதுவும் போடாமலேயே தமிழில் விழுந்த மிகக் குறைந்த மதிப்பெண்களில் அதைச் சேர்க்கலாம்.

எண்ணும் நட்சத்திரமும் அதற்குச் சற்று முன்னரே வேறிடத்தில் தொடங்கிவிட்டன. 1928 ஜூலை 31 அன்று நியூயார்க் டெய்லி நியூஸ் இதழில் ஐரீன் திரர் ஒரு படத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டதைத்தான் நட்சத்திர மதிப்பீட்டின் பிறப்பாகச் சொல்கிறார்கள். அப்போது உச்சம் மூன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எண்ணைவிட வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். முதல் காட்சி முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று வரும்: "மாமா, படம் ஓகேதான் லா. ஆனா அத்தைய கூட்டிட்டுப் போயிடாதீங்க, ஒரே வெட்டுக் குத்து." ஒரே மூச்சில் இரண்டு மதிப்பீடு. படத்துக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. தணிக்கை வாரியம் வயது முத்திரை குத்தித்தான் அனுப்புகிறது. ஆனால் குடும்பத்தில் யார் யார் போகலாம் என்பதை இந்தக் குரல் பதிவுதான் தீர்மானிக்கிறது.

இந்த வாய்ச்சொல்லுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. "தியேட்டர்லயே பாத்துருங்க" உச்சம். "ஒருதடவ பாக்கலாம்" நடுத்தரம். பாதிப் படங்கள் இங்கேதான் நிற்கும். "பரவால்ல லா" என்று இழுத்துச் சொன்னால் சொல்பவர் டிக்கெட் காசை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். "ஆஸ்ட்ரோவுல வரட்டும்" என்று தொலைக்காட்சிக்குத் தள்ளிவிட்டால் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. இடைவேளையே விடாத ஊரில் "முதல் பாதி சூப்பர், ரெண்டாம் பாதி இழுவை" என்ற வரி மட்டும் எப்படியோ உயிரோடு இருக்கிறது. திரையில் 'இடைவேளை' என்ற எழுத்து வந்து போகும் அந்த ஒரு நொடியில் ரசிகர் மனத்துக்குள் கோடு கிழித்துக்கொள்கிறார்.

முதல் பதிவுக்கும் இரண்டாவது பதிவுக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் சுவையானது. நியூ சென்ட்ரலில் படம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிக் கிள்ளானுக்குக் கொமியூட்டர் ஏறுகிறவர், ரயில் வருவதற்கு முன்பே "செம படம்" என்று அனுப்பிவிடுவார். பெட்டாலிங் தாண்டும்போது நண்பர்களின் எதிர்க்கேள்விகள் வரத் தொடங்கும். சுபாங் ஜெயாவில் வில்லன் ஏன் அப்படிச் செய்தான் என்ற சந்தேகம் எழும். பாடாங் ஜாவா வருவதற்குள் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறரை ஆகியிருக்கும். ஆனால் ஊரெல்லாம் சுற்றுவது முதல் பதிவுதான். திருத்தப்பட்ட மதிப்பெண்ணை யாரும் முன்னனுப்புவதில்லை. முதல் காட்சித் தீர்ப்பை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

முதல் நாள் கூட்டத்தின் தாராள மனத்தை அமெரிக்காவில் ஒருவர் தொழிலாகவே எடுத்து ஆராய்ந்தார். எட் மின்ட்ஸ் என்பவர் 1978இல் 'தி சீப் டிடெக்டிவ்' என்ற படத்தைப் பார்த்து ஏமாந்தார். விமர்சகர்கள் சொல்வது இருக்கட்டும், காசு கொடுத்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஏன் யாரும் கேட்பதில்லை என்பது அவர் ஆதங்கம். வழி கிடைத்தது யூதர்களின் யோம் கிப்பூர் வழிபாட்டில். அன்று எழுதக் கூடாது என்பதால், நன்கொடை எவ்வளவு என்பதை அட்டையின் ஓரத்து மடிப்பை மடக்கித் தெரிவிப்பார்கள். அந்த அட்டையை அப்படியே திரையரங்க வாசலுக்குக் கொண்டுவந்தார் மின்ட்ஸ். சினிமாஸ்கோர் பிறந்தது. ஏ-பிளஸ் முதல் எஃப் வரை தரம். வெளியீட்டு நாளில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவர்கள் என்பதால் தரங்கள் மேலேயே நிற்கும். அங்கே சி வாங்கினாலே தயாரிப்பாளர் முகம் வாடிவிடும். கிள்ளானின் "ஒருதடவ பாக்கலாம்" என்பதையும் அதே கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

பார்த்தது ஒரே படம்தானா என்ற கேள்வியும் உண்டு. 2016 ஜூலையில் வெளியான 'கபாலி' இந்த மண்ணின் கதை, பெருமளவு இங்கே எடுத்த படம். இந்தியாவில் பார்த்தவர்களுக்கு முடிவு தொங்கலாக இருந்தது: டைகர் என்ற இளைஞன் கபாலியை நோக்கி நடக்கிறான், திரை இருள்கிறது, துப்பாக்கிச் சத்தம். மலேசியப் பிரதியில் டைகர் போலீசிடம் சரணடைந்துவிட்டான் என்ற எழுத்து சேர்க்கப்பட்டிருந்தது. சென்னைக்காரர்கள் யார் சுட்டது, யார் செத்தது என்று வாரக்கணக்கில் வாதாடியபோது, இங்குள்ளவர்களுக்கு வாதாட எதுவும் மிச்சமில்லை. இரண்டு ஊர் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இந்த ஒற்றை வரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. முடிவு மாறினால் மதிப்பெண்ணும் மாறும் என்பது வெளிப்படை. முடிவை மூடி வைக்காத கிள்ளான் பிரதிதான் படத்துக்குக் கெடுதல் செய்தது.

கருத்தைச் சிறிது காலம் தடுத்து வைக்கலாமா என்ற யோசனை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியாகி முதல் காட்சியிலேயே அடி வாங்கியபின், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் திரையரங்க வாசலில் ரசிகர் கருத்தைப் படம் பிடிக்க யூடியூப்காரர்களை விடக் கூடாது என்றது. படம் வந்த முதல் 3 நாட்களுக்கு இணைய விமர்சனத்துக்கே தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்பதே அதன் நிலை. தடை கிடைத்திருந்தாலும் கொமியூட்டரில் உட்கார்ந்து மாமாவுக்குக் குரல் பதிவு அனுப்புகிறவரை அந்த ஆணை எட்டியிருக்காது.

உள்ளூர்ப் படங்களின் மதிப்பெண்ணுக்கு இந்த வாரம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பர் 17 அன்று வெளியானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்துச் சிறுவனின் கதை. அந்தப் படத்தைத் தாங்கிப் பிடித்தது இதே வாய்மொழிதான். அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனி வரிசையில் நிறுத்தியதற்கு எதிர்ப்பு கிளம்பி, திரைத்துறையினர் விருதைத் திருப்பித் தருமளவுக்குப் போய், விதியே மாறியது. கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குத்தான் போனது. ஒரு படம் பேசும் மொழி அதன் மதிப்பெண்ணுக்குள் எப்படி நுழைகிறது என்பதும், 2005இல் வந்த தீபக் குமாரனின் 'செம்மண் சாலை'யை இங்கே எத்தனை பேர் பார்த்துவிட்டுப் பேசினார்கள் என்பதும் அடுத்த வாரம்.