எர்த் இருக்கா சார்?

ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தால் இரண்டரை வரை ஃபேன் இறக்கைகளை எண்ணுவது என் வழக்கம். மொத்தம் மூன்றுதான். எத்தனை முறை எண்ணினாலும் டேலி ஆகிறது. பி.காம். படித்தவனுக்கு அதில் ஒரு திருப்தி என்றாலும், மறுநாள் ஆபீசில் கீபோர்டு மேல் தலை விழுகிறதே!

"உனக்கு எர்த்திங் இல்ல பாஸ்!" என்றான் பக்கத்து சீட் நண்பன். "செருப்பு, டைல்ஸ், மூணாவது மாடின்னு பூமியோட தொடர்பே அத்துப்போச்சு. மண்ணுல இருக்கற எலக்ட்ரான் உடம்புல ஏறினா வலி, வீக்கம் எல்லாம் போய், சும்மா ஜம்முனு தூக்கம் வரும்!"

சரக்கு அமெரிக்காவுடையது. கேபிள் டி.வி. தொழிலில் இருந்த க்ளிண்ட் ஓபர் என்பவர், கேபிளை எர்த் செய்கிறோமே, மனுஷனைச் செய்தால் என்ன என்று 1998-ல் யோசித்தார். 2010-ல் புத்தகமே வந்தது. பாய், பெட்ஷீட் என்று வியாபாரமும் கிளம்பியது. ஆனால் தூக்கம் சீரானதாகச் சொன்ன 2004-ம் வருட ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெறும் 12 பேர். பிற்பாடு இதைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் சிலருக்கு, இதே சரக்கு சம்பந்தப்பட்ட கம்பெனியில் பங்கும் உண்டு. ஆடிட்டரே கடைக்குப் பார்ட்னர் மாதிரி!

இதெல்லாம் நான் படித்தது, 3,200 ரூபாய் கொடுத்துப் பாய் வாங்கிய பிறகு. (வேறு எப்போது படிப்போம்?)

பாயின் ஒயரை பிளக் பாயிண்டின் மேல் ஓட்டையில், அதாவது எர்த் ஓட்டையில், சொருக வேண்டும். குனிந்தேன்.

"ஏங்க, ஃப்ரிட்ஜைத் தொட்டா சுள்ளுனு அடிக்குதுன்னு ரெண்டு மாசமா கத்தறேன். அதைப் பார்க்கத் துப்பில்ல, பாய் விரிக்கறீங்களா?"

மானம் போனதால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் எர்த் ஓட்டையில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது! எரியவே கூடாதாம்.

"இந்த வீட்டுல எர்த்தே இல்ல சார். பச்சை ஒயர் எல்லா பாயிண்டுக்கும் போகுது. கீழ குழியில அந்துபோய்க் கிடக்கு. ஃப்ரிட்ஜ்ல லீக் ஆகற கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாம இந்த ஒயர்லயே நிக்குது. பாயைச் சொருகிட்டுப் படுத்திருந்தீங்கன்னா..."

மீதியை அவர் சொல்லவில்லை. எனக்கு வேர்த்தது.

மூன்று பின் பிளக்கில் மேல் பின் மட்டும் ஏன் நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கரண்ட் வரும் முன்பே எர்த் தொட்டுவிட வேண்டும், கழற்றும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகவாம். நான் பல வருஷமாக மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்த ஆசாமி.

வீட்டுக்காரர் லேசில் மசியவில்லை. "முப்பது வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலியே தம்பி!" டெஸ்டர் எரிவதைக் காட்டினோம். பேசாமல் பர்ஸை எடுத்தார். ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புது ஒயர் இழுத்தார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மெயினைக் கட் பண்ணும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினோம். அது என் செலவு. மாட்டிய மறு நிமிஷம் 'டப்'பென்று விழுந்தது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்து பழுது பார்த்த பிறகுதான் நின்றது.

வெறுங்காலில் மண்ணில் நடப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் பீச் மணலில் நடக்கிறேன், இலவசம். அப்பாவை மட்டும் செருப்பைக் கழற்ற விடுவதில்லை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர், முள் குத்தினாலும் தெரியாது.

தூக்கம்? சாயங்கால டீ இரண்டையும் நிறுத்தினேன். இப்போது ஒன்றரை மணிக்கே வந்துவிடுகிறது.

பாய் ஃப்ரிட்ஜ் முன்னால் மிதியடியாகக் கிடக்கிறது. "3,200 ரூபாய்க்குக் கால் துடைக்கிற ஒரே குடும்பம் நாமதாங்க" என்கிறாள் மனைவி.