‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் ‘ஓடு’தலும்

ஆங்கிலம் பயிலப் புகும் சிறுவன் முதல் மாதத்திலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் ‘ரன்’ என்பதும் ஒன்று. ‘ஓடு’ என்று அதற்குப் பொருள் எழுதிக்கொண்டு, அச்சொல்லைக் கற்று முடித்துவிட்டதாக அவன் கருதுவான். ஆயின் ஆங்கில மொழியிலே மிகப் பல பொருள்களைச் சுமந்து நிற்கும் சொல் இதுவே என்பது ஆக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியார் கண்ட முடிபு. 1989-இல் வெளிவந்த அப்பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அச்சிறப்பு ‘செட்’ என்னும் சொல்லுக்கு உரியதாயிருந்தது. தனி வினையாக அதற்கு 430 பொருள்கள் காட்டப்பட்டன. விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்கள் நீண்டது. மூன்றாம் பதிப்புக்குரிய திருத்தப் பணி ‘எம்’ என்னும் எழுத்திலிருந்து தொடங்கவே, 2000-இல் ‘மேக்’ என்னும் சொல்லும், 2007-இல் ‘புட்’ என்னும் சொல்லும் முன்னே சென்றன. 2011-இல் ‘ரன்’ அவற்றையெல்லாம் முந்தியது. வினையாக நிற்கும்போது மட்டும் அதற்கு 645 பொருள்கள்! அவற்றைப் பகுத்து வரிசைப்படுத்தப் பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

இத்தனை பொருள்கள் ஒரு சிறு சொல்லில் எவ்வாறு குடிபுகுந்தன? பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று தானே ஓடுதலைக் குறித்தது. மற்றொன்று பிறிதொன்றை ஓடச் செய்தலைக் குறித்தது. காலப்போக்கில் இவ்விரண்டும் வடிவு தேய்ந்து ‘ரன்’ என்ற ஒரே சொல்லாயின. தமிழிலோ ஓடு, ஓட்டு எனத் தன்வினையும் பிறவினையும் இன்றளவும் தனித்தனியே நிற்கின்றன. ஆடு, ஆட்டு என்பனவும் கூடு, கூட்டு என்பனவும் போல. ஆங்கிலம் இழந்துவிட்ட வேறுபாட்டைத் தமிழ் இழக்கவில்லை. பின்னர் இயந்திரங்கள் பெருகிய காலத்தில் நீராவிப்பொறி, புகைவண்டி, கடிகாரம், தொழிற்சாலை என யாவும் இச்சொல்லைத் தேடி வந்தன. இன்று கணினி நிரலும் ‘ரன்’ ஆகிறது.

நம் ‘ஓடு’ என்பதும் பொருள் வளம் குன்றியதன்று. நீர் ஓடும், குருதி ஓடும், காலம் ஓடும், திரைப்படம் நூறு நாள் ஓடும், முகத்தில் புன்னகை ஓடும், திகைத்தவனுக்கு ஒன்றும் ஓடாது. ஆங்கிலேயர் ‘டிரயல் ரன்’ என்பதற்குத் தமிழர் தேரையும் கலத்தையும் முதன்முதல் ஓட்டிப் பார்த்த வழக்கிலிருந்து பிறந்த ‘வெள்ளோட்டம்’ உண்டு. திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘கண்ணோட்டம்’. பழகியவர்மேல் கண் சென்றவழி உள்ளத்தில் எழும் இரக்கம் என்பதே அங்குப் பொருள். இக்காலச் செய்தித்தாளில் அது ‘பார்க்கும் கோணம்’ என்ற அளவில் சுருங்கிவிட்டது. இரக்கம் எங்கோ ஓடிவிட்டது!

எனினும், இரு மொழிகளும் எல்லா இடத்தும் சேர்ந்து ஓடுவதில்லை. ஆங்கிலேயர் பள்ளியை, கடையை, சங்கத்தை ‘ரன்’ செய்வர். தமிழர் அவற்றை நடத்துவர். நடத்து என்பது நட என்பதன் பிறவினை. ஆகவே ஆங்கிலம் ஓட்டும் இடத்தில் தமிழ் நடத்துகிறது. ‘அவர் பள்ளியை ஓட்டுகிறார்’ என்று மாணவன் எழுதினால் அது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று. ‘குடும்பத்தை ஏதோ ஓட்டுகிறான்’ என்னும் வழக்கை அறிந்தவர் காதில், அத்தலைமையாசிரியர் எப்படியோ தள்ளாடிச் சமாளிக்கிறார் என்ற இழிப்பாகவே அது விழும். தேர்தலிலும் ஒரு விந்தையுண்டு. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்வார். பிரிட்டனில் ‘ஸ்டேண்ட்’ செய்வார். தமிழர் தேர்தலிலும் வேட்பாளர் ஓடுவதில்லை, நிற்கிறார்.

பள்ளிக் கட்டுரையில் பிழை நேர்ந்தால் சிவப்பு மையோடு போகும். நீதிமன்றத்தில் அவ்வாறன்று. ஒருவனுக்கு ஒரு குற்றத்துக்கு மூன்றாண்டும் மற்றொன்றுக்கு இரண்டாண்டும் சிறை விதித்து, அவை ‘ரன் கன்கரன்ட்லி’ என நீதிபதி தீர்ப்பளிப்பதாகக் கொள்க. ‘கன்கரன்ட்’ என்பதிலேயே ஓடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேர் உள்ளது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தண்டனைகள் ஒன்றாக ஓடும்’ என்றாகும். இதைக் கேட்கும் தாய், இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஐந்தாண்டு என்று எண்ணிக் கலங்கக்கூடும். உண்மையில் இரு தண்டனைகளும் ஒரே காலத்தில் கழியும். மகன் இருக்கவேண்டியது மூன்றாண்டே. ‘கன்செக்யூடிவ்லி’ என்றிருந்தால்தான் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாண்டு. ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்ற வழக்கு இவ்விடத்தில் ஐயத்துக்கு இடம் தராது.

பல பொருள் ஒரு சொல்லைத் தெளிவது எப்படி என்பதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் முன்பே வகுத்துள்ளார். வினை, இனம், சார்பு ஆகிய மூன்றினாலும் பொருள் தெளியப்படும் என்பது அவர் கருத்து. ‘மா’ பூத்தது எனின் மரம்; ஓடிற்று எனின் விலங்கு. இது வினையால் தெளிந்தது. மாவும் பலாவும் என்றவழி இனத்தால் மரமே தெளியும். ஆங்கில ‘ரன்’ தானே வினையாதலின், அதனோடு சேர்ந்த பெயரைக் கொண்டே பெரும்பாலும் பொருள் காணவேண்டும். குழாய் எனின் நீர் வடிகிறது. மூக்கு எனின் ஒழுகுகிறது. காலுறை எனின் இழை பிரிகிறது. நெடுஞ்சாலை எனின் நீண்டு செல்கிறது. ‘ரன் ஆன் தி பேங்க்’ என்பது, வைப்புப் பணத்தை மீட்க மக்கள் ஒரே வேளையில் வங்கிமுன் திரள்வது. 2007-இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியில் நேர்ந்தது அதுவே. மாணவன் முதலில் ‘ஓடுவது எது?’ என்றும், பிறகு ‘எதை?’ என்றும் கேட்கப் பழகினால் பெரும்பாலான இடர்கள் தீரும்.

சில இடங்களில் இனமும் கைகொடாது. சார்பு ஒன்றே துணை. ‘ஹி ரன்ஸ் மராத்தான்ஸ்’ என்ற தொடரில் அவர் அந்நெடுந்தொலைவு ஓட்டங்களில் ஓடுபவரா, அவற்றை ஏற்பாடு செய்து நடத்துபவரா? ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் கொடுத்து வாளாவிருக்கும். தமிழில் எழுதுபவரோ ஓடுகிறார் என்றோ, நடத்துகிறார் என்றோ ஒன்றைத் துணிந்தாலன்றி அத்தொடரை முடிக்க இயலாது. அதற்கு அவர் முன்னும் பின்னும் உள்ள பத்திகளைப் படித்தாக வேண்டும்.