வலியைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டார்

புற்றுநோய் என்று மருத்துவர் உறுதி செய்த நாள்முதல் பல வீடுகளில் வாயிற்கதவு பாதி மூடியே இருக்கிறது. ஊரார் ஒதுங்கிவிடுவார்களோ, வீட்டிலுள்ள குமருக்கு வரன் அமையாமற் போய்விடுமோ என்னும் அச்சத்தால் நோயின் பெயரையே மறைக்கிறார்கள். நோயாளியிடமும் அதைச் சொல்வதில்லை. அவரோ பெரும்பாலும் தாமாகவே உணர்ந்திருப்பார். ஆயினும் வீட்டார் மனம் நோகக்கூடாதென்று அவரும் மறைப்பார். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் இந்நிலை, நோயின்மேல் வந்த மற்றொரு நோயாகும். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று என்பதைப் படித்தவர்களும் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

மருத்துவமனை தன் கடமையைச் செய்கிறது. கட்டியை அறுத்து அகற்றுகிறது, கதிர் பாய்ச்சுகிறது, மருந்தேற்றுகிறது. ஆனால் நோயாளி தம் நாள்களில் மிகப் பலவற்றைக் கழிப்பது வீட்டில்தான். நள்ளிரவில் வலி மிகும்போதும், புண்ணைத் துடைத்துக் கட்டவேண்டியபோதும், சம்பாதித்தவர் படுத்துவிட்டதால் அடுப்பெரியாதபோதும் யார் துணை? இக்கேள்விக்கு நம் அண்டை மாநிலமாகிய கேரளம் 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செயலால் விடையளித்து வருகிறது.

கோழிக்கோட்டில் பிறந்த முயற்சி

1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், மயக்கவியல் மருத்துவர்களான இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சங்கத்தை நிறுவினர். நோயைக் குணப்படுத்த இயலாத நிலையிலும் நோயாளியின் வலியைக் குறைக்க இயலும். அவ்வாறு குறைப்பது மருத்துவத்தின் கடமை என்பதே அவர்களது கொள்கை. இதனை ஆங்கில மருத்துவர்கள் ‘பாலியேட்டிவ் கேர்’ என்பர். நாம் நோய்த் தணிப்புப் பணி என்று சொல்லலாம்.

இத்துறைக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1967இல் இலண்டனில் இவர் தோற்றுவித்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் உலகெங்கும் இத்தகைய பணிக்கு முன்மாதிரியாயிற்று. வலி என்பது உடலோடு நிற்பதன்று என்று இவர் வலியுறுத்தினார். பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் கலங்கும் மனவேதனை, பிறர்க்குச் சுமையாகிவிட்டோமே என்னும் வெட்கம், ‘எனக்கு ஏன் இந்தச் சோதனை’ என்று ஆன்மா கேட்கும் கேள்வி ஆகிய எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் வலி. மாத்திரையால் தீர்வது அதில் ஒரு பகுதியே.

அந்த ஒரு பகுதியைத் தீர்ப்பதும் நம் நாட்டில் எளிதாக இருக்கவில்லை. கடுமையான புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் சிறந்த மருந்து. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமையான விதிகளால் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகள் அதனை வாங்கவே அஞ்சின. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. மருத்துவர் கூறும் அளவில், கூறும் நேரத்தில் உட்கொண்டால், புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் அருந்துவோர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் மருந்துண்டு. ‘போதை மருந்தாயிற்றே’ என்று அஞ்சி நோயாளியைத் துடிக்கவிடுவது அறியாமையின் விளைவாகும்.

மலப்புறம் காட்டிய வழி

மருத்துவமனையில் மட்டும் இருந்துகொண்டு இப்பணியைச் செய்தால் எத்தனை பேரைச் சென்றடைய முடியும்? படுக்கையிலிருப்பவர் பேருந்தேறி வர இயலாது. ஆகவே பணி நோயாளியின் வீட்டிற்கே செல்லவேண்டும். வீட்டிற்குச் செல்ல ஊராரின் கை வேண்டும். இந்த எண்ணத்திலிருந்து 1990களின் இறுதியில் மலப்புறம் மாவட்டத்தை மையமாகக் கொண்டு அண்டை வீட்டாரின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று.

மலப்புறம், மக்களில் 70 விழுக்காட்டினர் முஸ்லிம்களாக உள்ள மாவட்டம். எனினும் இப்பணியில் எல்லாச் சமயத்தவரும் தோளோடு தோள் நின்றனர். ஆசிரியர், கடைக்காரர், கூலித் தொழிலாளி, இல்லத்தரசி, கல்லூரி மாணவர் எனப் பலரும் தொண்டராயினர். வாரத்திற்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க முடிந்தவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளிடையே நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன.

பயிற்சி பெற்ற தொண்டர் செவிலியரோடு வீடு வீடாகச் செல்கிறார். செவிலியர் புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுகிறார். படுக்கைப் புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறையை வீட்டாருக்குக் கற்பிக்கிறார். தொண்டர் அருகமர்ந்து பேசுகிறார். அதைவிட மிகுதியாகக் கேட்கிறார். வீட்டில் அரிசி இல்லையெனில் அதற்கு ஏற்பாடு செய்கிறார்; பிள்ளை பள்ளிக்கு நின்றுவிட்டால் மீண்டும் அனுப்பிவைக்கிறார். இவற்றுக்கெல்லாம் கட்டணமில்லை. செலவின் பெரும்பகுதி ஊராரின் சிறு சிறு நன்கொடைகளிலிருந்தும் கடைகளில் வைக்கப்பட்ட உண்டியல்களிலிருந்தும் திரட்டப்பட்டது.

2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது; இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. உள்ளாட்சி மன்றங்கள் வாயிலாக வீடு தேடிச் செல்லும் செவிலியர் அமர்த்தப்பட்டனர். பக்கவாதத்தாலும் முதுமையாலும் படுத்தவர்களுக்கும் இப்பணி விரிந்தது.

இறுதி நாள்களுக்கு மட்டுமா?

‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று கைவிடப்பட்டவர்களுக்கே இது உரியதென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. தொடக்கத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு நோய்த் தணிப்புப் பணியும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர். மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மாத காலம் கூடுதலாகவும் வாழ்ந்தனர். எனவே இது சிகிச்சைக்கு மாற்றன்று. முதல் நாளிலிருந்தே அதனோடு உடன் செல்லவேண்டிய துணை.

நோய் விசாரிப்போர் கவனிக்க

நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்வதை இஸ்லாம் ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம்மீதுள்ள உரிமையாகவே வைத்திருக்கிறது. அந்த உரிமையை நாம் எவ்வாறு நிறைவேற்றுகிறோம்? பழப் பையோடு சென்று, ‘என் மச்சானுக்கும் இதே நோய்தான், மூன்றே மாதத்தில் மௌத்தாகிவிட்டார்’ என்று சொல்லித் திரும்புவோர் உளர். அறியாத மருந்தைச் சிபாரிசு செய்து, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தச் செய்வோரும் உளர். இவர்கள் செல்லாதிருப்பதே நோயாளிக்குச் செய்யும் உபகாரம்.

கேரளத் தொண்டர்களிடம் நாம் கற்க வேண்டியது கேட்கும் பண்பு. நோயாளி அழுதால் அழட்டும். உடனே தடுக்க வேண்டாம். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று பொய்யாக உறுதி கூறவும் வேண்டாம். ‘இன்று என்ன செய்தால் உங்களுக்குச் சற்று இலேசாக இருக்கும்?’ என்று கேளுங்கள். தலையணையை மாற்றி வைப்பதாக இருக்கலாம்; கடனைப் பற்றி மகனிடம் பேசுவதாகவும் இருக்கலாம்.

நோயாளிக்கு அடுத்தபடியாக நாம் நினைக்கவேண்டியவர் பராமரிப்பவர். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். இரவு பகலாகக் கண்விழித்துத் தாமே நோயாளியாகும் நிலையில் இருப்பவரிடம், ‘தைரியமாக இரும்மா’ என்று சொல்வதால் அவர் களைப்பு தீராது. இரண்டு மணி நேரம் நாம் அமர்ந்துகொண்டு அவரை உறங்கச் சொன்னால் தீரும்.

நம் ஊர்களில்

தமிழகத்தில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடிச் செல்லும் நோய்த் தணிப்புப் பணி ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் செவிலியர் வாசல்வரை வந்தாலும், மூடிய கதவைத் திறக்க அண்டை வீட்டார் வேண்டும். மருத்துவரும் செவிலியரும் இன்றித் தொண்டரால் மட்டும் இப்பணி நடவாது என்பதும் உண்மையே. இரண்டும் இணையவேண்டும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் வீடுகளின் கணக்கு இருக்கிறது. கூடிப் பேச இடம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், நேரமுள்ள தாய்மார்களும், துடிப்புள்ள இளைஞர்களும் இருக்கின்றனர். ஐந்து பேர் சேர்ந்து, தம் பகுதியில் படுக்கையிலிருப்போர் யார் யார் என்று சமயம் பாராமல் ஒரு பட்டியல் எடுக்கட்டும். பெண் நோயாளிகளுக்கு உதவக் குழுவில் பெண்கள் அவசியம் இருக்கட்டும். அப்பட்டியலோடு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரைச் சென்று காணட்டும். கேரளத்தில் ஊராரை ஒன்று சேர்த்த அந்த இரண்டு மணி நேரம், வாரந்தோறும் நமக்கும் வரத்தான் செய்கிறது.